ஓர் அரங்கில் எத்தனை பேர்? கண்ணும் காலும் போடும் கணக்கு

ஆர்.கே.பேட்டைப் பக்கத்து ஊர்களில் பொங்கலை ஒட்டிக் கபடிப் போட்டி நடந்தால், கூட்டம் எப்படி உட்காரும் என்பதைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம். சுண்ணாம்புக் கோட்டை ஒட்டிச் சிறுவர்கள் சம்மணமிட்டு உட்காருவார்கள். அவர்களுக்குப் பின்னால் குந்தியபடி சிலர். பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகள், அதற்கும் பின்னால் நிற்பவர்கள். நிற்பவர்களின் தலை மறைப்பதால் இன்னும் சிலர் மொபெட் சீட்டின் மேல் ஏறி நிற்பார்கள். கடைசியில் டிராக்டர் டிரெய்லர், பள்ளிக்கூட மதில், வேப்பமரக் கிளை. இடம் ஒதுக்கிக் கொடுக்க யாரும் இல்லை. ஆனாலும் அரை மணி நேரத்தில் கூட்டம் தானாகவே ஒரு கிண்ணத்தின் வடிவத்துக்கு வந்துவிடும்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. முன்வரிசைகளில் ஒருவர் மற்றவரைவிடச் சற்று உயரமாக இருந்தாலே போதுமாக இருக்கிறது. தரையில் உட்கார்ந்தவருக்குப் பின்னால் குந்தியவர், அவருக்குப் பின்னால் நாற்காலி என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறுகிறது. பின்னால் போகப் போக ஏற்றம் பெரிதாகிறது. நிற்பதிலிருந்து வண்டி சீட், வண்டி சீட்டிலிருந்து மதில். தள்ளிப் போனவருக்குத் தன் முன்னால் இருப்பவரைவிட அதிக உயரம் ஏன் தேவைப்படுகிறது?

உலகத்தின் பெரிய விளையாட்டரங்குகள் எல்லாம் இந்தக் கேள்விக்கான விடையில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. அதோடு, "தமிழ்நாட்டிலேயே பெரிய ஸ்டேடியம் எது, அதில் எத்தனை பேர் உட்காரலாம்?" என்ற கேள்விக்கு ஆண்டுக்கு ஆண்டு விடை மாறுவதன் காரணமும் இதை ஒட்டித்தான் இருக்கிறது.

முதலில் அந்த எண்களைப் பார்த்துவிடலாம். சென்னையில் பெரியமேட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் ஏறத்தாழ 40,000 பேர் உட்காரலாம். 1993-இல் இன்றைய வடிவில் திறக்கப்பட்ட அரங்கு அது. அதே இடத்தில் முன்பு இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான் 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தார்கள். சேப்பாக்கம் எம்.ஏ. சிதம்பரம் அரங்கம் 38,000 அளவில் நிற்கிறது. அலங்காநல்லூருக்கு அருகே கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஏறுதழுவுதல் அரங்கில் ஏறத்தாழ 5,000 பேர். எல்லை தாண்டினால் ஹைதராபாத்தின் உப்பல் அரங்கம், திருவனந்தபுரத்தின் காரியவட்டம், கொச்சியின் நேரு அரங்கம். வடக்கே அகமதாபாத்தில் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்ட நரேந்திர மோடி அரங்கம் 1,32,000 இருக்கைகளோடு கிரிக்கெட் அரங்குகளில் உலகிலேயே பெரியது.

இவற்றில் பல எண்கள் காலப்போக்கில் குறைந்து வந்தவை. கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஒரு காலத்தில் ஒரு லட்சம் பேர் கூடினார்கள். 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்தபோது அது 70,000-க்குக் கீழே வந்தது. அதே ஊரின் சால்ட் லேக் அரங்கில் 1997 ஜூலையில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகள் மோதிய ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியை 1,31,000-க்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். இன்று அந்த எண்ணை அந்த அரங்கில் நினைத்தே பார்க்க முடியாது. ரியோவின் மரக்கானாவில் 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்துக்குக் காசு கொடுத்து நுழைந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். இப்போது அங்கே 80,000-க்கும் குறைவான இருக்கைகள்தான். கட்டடம் சுருங்கவில்லை. கணக்கிடும் முறை மாறியிருக்கிறது.

அந்தக் கணக்கு கண்ணிலிருந்து தொடங்குகிறது.

பார்வையாளரின் கண்ணிலிருந்து ஆடுகளத்தின் விளிம்பில் உள்ள ஒரு புள்ளிக்கு, எல்லைக் கயிற்றுக்கு என்று வைத்துக்கொள்வோம், ஒரு நேர்கோடு இழுக்க வேண்டும். இதைப் பார்வைக்கோடு என்று சொல்லலாம். இந்தக் கோடு முன்வரிசையில் இருப்பவரின் கண்ணுக்கு மேலே எவ்வளவு இடைவெளி விட்டுப் போகிறது என்பதுதான் கட்டடக் கலைஞரின் முதல் கவலை. அந்த இடைவெளி 12 சென்டிமீட்டர் இருந்தால் முன்னவரின் உச்சந்தலைக்கு மேலாகத் தாராளமாகப் பார்க்கலாம். 9 சென்டிமீட்டர் என்றால் பரவாயில்லை. 6 சென்டிமீட்டர் என்றால் இரண்டு தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டியதுதான். இதைப் பார்வை இடைவெளி எனலாம். பொறியாளர்கள் சி மதிப்பு என்பார்கள்.

எல்லா வரிசைக்கும் ஒரே பார்வை இடைவெளி கிடைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு படி கட்டிப் பார்க்கலாம். முதல் வரிசையில் இருப்பவரின் கண் எல்லைக் கயிற்றிலிருந்து 10 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வரிசையும் 80 சென்டிமீட்டர் அகலம். 9 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்றால் இரண்டாவது வரிசை 26 சென்டிமீட்டர் உயர்ந்தால் போதும். இருபதாவது வரிசைக்குப் போனால் அதே இடைவெளிக்கு அடுத்த படி 34 சென்டிமீட்டர் உயர வேண்டியிருக்கிறது. நாற்பதாவது வரிசையில் 38. கயிற்றை நோக்கிப் போகும் கோடு பின்னால் வரவர மேல்நோக்கிச் சாய்கிறது. சாய்ந்த கோட்டின் மேல் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு இன்னும் ஒரு 9 சென்டிமீட்டரைச் சேர்க்கிறார். முன்னால் இருக்கும் அத்தனை வரிசைகளும் ஏறிய ஏற்றத்தைப் பின்னால் இருப்பவர் சுமக்கிறார். மொபெட் சீட்டில் நின்றவருக்குப் பின்னால் வந்தவர் மதில் தேடியது இதனால்தான். கேலரியின் பக்கவாட்டுத் தோற்றம் நேர்ச்சரிவாக இல்லாமல் மேல்நோக்கி வளைந்திருப்பதும் இதனால்தான்.

இந்த வளைவை முதலில் கணக்குப் போட்டு எழுதியவர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர். எடின்பரோ அருகே ஒரு கால்வாயில் கலையாமல் ஓடிய தனி அலை ஒன்றைக் குதிரையில் துரத்திப் பார்த்து ஆராய்ந்தவர் என்று இயற்பியல் மாணவர்கள் அறிந்திருக்கும் அதே மனிதர். 1838-இல் அவர் எழுதிய கட்டுரையின் நோக்கம், பேச்சு மேடைக்கு முன்னால் உட்காரும் எல்லோருக்கும் ஒரே அளவில் காட்சியும் குரலும் கிடைக்க வேண்டும் என்பதுதான். விளையாட்டரங்கம் அவர் மனத்தில் இல்லை. அவர் வரைந்த வளைவோ இன்று எல்லா அரங்குகளிலும் உட்கார்ந்திருக்கிறது.

சரி, வளைவை அப்படியே நீட்டிக்கொண்டே போனால் இரண்டு லட்சம் பேருக்குக்கூட இடம் கிடைக்குமே? அங்கேதான் தடை வருகிறது. மேல் அடுக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கயிற்றிலிருந்து 35 மீட்டர் தள்ளி, 20 மீட்டர் உயரத்தில் கண் இருந்தால், அதே 9 சென்டிமீட்டர் இடைவெளிக்குப் படி 55 சென்டிமீட்டர் உயர வேண்டும். சாய்வு 34 பாகையைத் தாண்டிவிடுகிறது. பிரிட்டனின் அரங்குப் பாதுகாப்பு வழிகாட்டி 34 பாகையில்தான் எல்லைக்கோடு போடுகிறது. அதற்கு மேல் போனால் இறங்குபவருக்குத் தலை சுற்றும், தடுக்கினால் பிடிக்க எதுவும் இருக்காது. 2011 உலகக் கோப்பைக்காகச் சேப்பாக்கத்தில் எழுந்த ஐ, ஜே, கே ஸ்டாண்டுகளின் மேல் அடுக்கு ஏறத்தாழ 36 பாகைச் சாய்வு என்பதை, அங்கே படி இறங்கியவர்களின் முழங்கால்கள் அறியும்.

அந்த ஸ்டாண்டுகளை வடிவமைத்தது லண்டனின் ஹாப்கின்ஸ் நிறுவனம். லார்ட்ஸ் மைதானத்தில் கூடாரம் போன்ற கூரையுடன் மவுண்ட் ஸ்டாண்டைக் கட்டியவர்கள். பழைய சேப்பாக்கத்தில் கூரையைத் தாங்கிய தூண்கள் பலருடைய பார்வையை மறைத்துக்கொண்டிருந்தன. பந்து வீசுபவர் ஓடி வருவது தெரியும். பந்து தூணுக்குப் பின்னால் மறைந்துவிடும். கம்பி வடங்களால் இழுத்துக் கட்டிய கூம்பு வடிவத் துணிக்கூரை வந்ததும் அந்தத் தூண்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஸ்டாண்டுகளுக்கு நடுவே விட்ட இடைவெளி வழியாகக் கடற்காற்றும் உள்ளே வந்தது. தூண் ஒன்று எடுத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு பட்டை முழுக்க இருக்கைகள் உயிர் பெறும். எத்தனை பேர் உட்காரலாம் என்பதும் எத்தனை பேர் பார்க்கலாம் என்பதும் ஒன்றல்ல என்பதற்குச் சேப்பாக்கத்தைவிட நல்ல சான்று நமக்குப் பக்கத்தில் இல்லை.

கண்ணுக்கு இன்னொரு எல்லையும் உண்டு. நல்ல பார்வை உள்ளவரின் கண், ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு கலை அளவுக்கு மேல் நுணுக்கமாகப் பிரித்தறிய முடியாது. கண் மருத்துவர் சுவரில் மாட்டும் எழுத்துப் பலகையின் 6/6 வரி இந்த அளவில்தான் அமைந்திருக்கிறது. கிரிக்கெட் பந்தின் குறுக்களவு 7 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். 190 மீட்டர் தூரத்திலிருந்து அது ஒன்றேகால் கலை அளவுக்குத் தெரியும். 250 மீட்டரில் கண்ணின் எல்லையையே தொட்டுவிடும். கால்பந்து பெரியது என்றாலும், கூட்டத்தில், வேகமாக நகரும்போது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் தூரத்து மூலைக்கு 150 மீட்டருக்குள் இருப்பது நல்லது, 190 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது வடிவமைப்பாளர்களின் நடைமுறை.

இதை வைத்து ஜவஹர்லால் நேரு அரங்கைப் பார்த்தால் ஒன்று விளங்கும். அங்கே கால்பந்துத் திடலைச் சுற்றி 400 மீட்டர் ஓடுபாதை இருக்கிறது. 1995-இல் தெற்காசியப் போட்டிகளை நடத்திய அரங்கு அல்லவா. பொதுவான எட்டுத் தட ஓடுபாதையின் அளவுகளை எடுத்துக் கணக்கிட்டால், கோல் கம்பத்துக்கும் பாதையின் வெளி விளிம்புக்கும் நடுவே 36 மீட்டர் வெற்றிடம் விழுகிறது. கோலுக்குப் பின்னால் முதல் வரிசையிலேயே இடம் கிடைத்தவருக்கும் எதிர்க் கோல் 140 மீட்டருக்கு அப்பால்தான். நல்ல பார்வைக்கான எல்லை அவருக்குப் பின்னால் சில வரிசைகளிலேயே முடிந்துவிடும். ஐரோப்பாவின் கால்பந்துக் கழகங்கள் ஓடுபாதை இல்லாத அரங்குகளைக் கட்டிக்கொண்டதற்கு இதுவே பெரிய காரணம். எல்லா விளையாட்டுக்கும் ஒரே அரங்கு என்பது செலவுக்கு நல்லது, கண்ணுக்கு நல்லதல்ல.

கபடியின் அழகு இங்கேதான். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். சுற்றி உட்காரும் எல்லோருக்கும் பாடி வருபவரின் மூச்சு வாங்குவதுகூடத் தெரியும்.

இதுவரை கண் போட்ட கணக்கு. அதைவிடக் கண்டிப்பானது கால் போடும் கணக்கு.

திருத்தணி மலைக்கு 365 படிகள். டிசம்பர் 31 படித் திருவிழாவிலும் ஆடிக் கிருத்திகையிலும் அந்தப் படிகளில் ஏறியவர்கள் இரண்டு விஷயங்களைத் தம்மை அறியாமலேயே பார்த்திருப்பார்கள். கூட்டம் மிதமாக இருக்கும்வரை ஏறுபவர்களும் இறங்குபவர்களும் யாரும் சொல்லாமலேயே தனித்தனித் தாரைகளாகப் பிரிந்துகொள்வார்கள். கூட்டம் நெருக்கமானதும், தரையில் நடப்பதைவிடப் படியில் நகர்வது மிகவும் மெதுவாகிவிடும். இரண்டையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். சமதளத்தில் ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம், படிக்கட்டில் 66 பேர் என்று பிரிட்டன் வழிகாட்டி எண் வைத்திருக்கிறது. முந்தைய பதிப்புகளில் 109, 73 என்று இருந்தவை இவை. கள ஆய்வுகள் பெருகிய பிறகு குறைக்கப்பட்டன.

இனி எளிய வகுத்தல்தான். ஆபத்து வந்தால் எல்லோரும் எட்டு நிமிடத்தில் பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும் என்பது அந்த வழிகாட்டி தரும் உச்சவரம்பு. சேப்பாக்கத்தின் 38,000 பேர் சமதள வழிகளில் எட்டு நிமிடத்தில் வெளியேற, வாசல்களின் மொத்த அகலம் 58 மீட்டர் வேண்டும். படிகள் வழியாக என்றால் 72 மீட்டர். அகமதாபாத்தின் 1,32,000 பேருக்கு 200 மீட்டருக்கு மேல். எந்தக் கட்டடத்திலும் இருக்கை சேர்ப்பது எளிது. வாசல் அகலத்தைச் சேர்ப்பதுதான் கடினம். ஆகவே அரங்கின் கொள்ளளவு என்பது நாற்காலிகளின் எண்ணிக்கை, பார்வை கிடைக்கும் இடங்கள், வாசல் வழியே நேரத்தில் வெளியேறக்கூடியவர்கள் என்ற மூன்றில் எது சிறியதோ அதுதான்.

இதற்குக் கொச்சியே கண்கூடான எடுத்துக்காட்டு. அங்குள்ள நேரு அரங்கம் 1996-இல் கட்டப்பட்டபோது 60,000-க்கு மேல் ஆட்களை ஏற்றியது. 2017-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை வந்தபோது இருக்கைகள் போட்டதும் 40,000 அளவுக்குக் குறைந்தது. பிறகு, அவசரத்தில் எவ்வளவு விரைவாகக் கூட்டத்தை வெளியேற்ற முடியும் என்று பார்த்த ஃபிஃபா, 30,000-க்கும் கீழே கொண்டு வந்துவிட்டது. இருக்கைகள் அங்கேயே இருந்தன. அவற்றில் உட்கார ஆட்களை அனுமதிக்கவில்லை. சேப்பாக்கத்தின் ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் 2012 முதல் பல ஆண்டுகள் பெரும்பாலும் பூட்டிக் கிடந்த கதையும் இதற்கு உறவுதான்: கட்டடங்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி தொடர்பான அனுமதிச் சிக்கலில் ஏறத்தாழ 12,000 இருக்கைகள் வெறுமையாக இருந்தன. ரசிகர்களுக்கு அப்போது வந்த கோபம் நியாயமானது. ஆனால் அந்த இடைவெளி வழியாகத்தான் தீயணைப்பு வண்டி போக வேண்டும்.

இந்த எண்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன? வருத்தமான விடை, பெரும்பாலும் மரணங்களிலிருந்து. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் 1971 ஜனவரி 2 அன்று ஆட்டம் முடிந்து இறங்கியபோது ஒரு படிக்கட்டில் நெரிசலில் 66 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்துதான் மேலே சொன்ன வழிகாட்டி 1973-இல் முதன்முதலாக வெளிவந்தது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோவில் கம்பி வேலியிட்ட பகுதிக்குள் அளவுக்கு மீறிய கூட்டம் புகுந்ததில் 97 பேரின் உயிர் போயிற்று. டெய்லர் நீதிபதியின் அறிக்கைக்குப் பிறகு பெரிய ஆங்கிலக் கழகங்களில் நின்று பார்க்கும் கேலரிகள் ஒழிந்தன. கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் 1980 ஆகஸ்ட் 16 அன்று இரு அணி ரசிகர்களின் மோதலில் 16 பேர். இந்தோனேசியாவின் மலாங்கில் 2022 அக்டோபரில் கண்ணீர்ப் புகைக்குப் பயந்து வாசலை நோக்கி ஓடிய கூட்டத்தில் 135 பேர். நமக்கு மிக அருகே, 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கின் வாசல்களுக்கு வெளியே 11 பேர். அரங்கில் அடங்கக்கூடியவர்களைப் போலப் பல மடங்கு கூட்டம் அன்று அந்தச் சாலைகளில் இருந்தது.

இப்படி இறப்பவர்களைப் பற்றி 'மிதிபட்டு இறந்தார்கள்' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. உடற்கூறு ஆய்வுகள் சொல்வது வேறு. பெரும்பாலோர் நின்ற நிலையிலேயே, மார்பு விரிய இடமில்லாமல் மூச்சடைத்து இறக்கிறார்கள். சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று பேர் இருக்கும்வரை ஒவ்வொருவரும் தன் விருப்பப்படி நடக்கலாம். நான்கைத் தாண்டினால் கால் தடுமாறும். ஏழு பேரை நெருங்கும்போது தனிமனிதர் என்ற ஒன்றே இல்லாமல் போய், கூட்டம் முழுவதும் நீர்மத்தைப் போல அசையத் தொடங்குகிறது. எங்கோ பின்னால் ஒருவர் தள்ளிய தள்ளல் கூட்டத்தினூடே அலையாக ஓடி முன்னால் இருப்பவரின் விலா எலும்பில் போய் விழுகிறது. எஃகுத் தடுப்புக் கம்பிகள் வளைந்து கிடந்ததை வைத்து அந்த விசையைக் கணக்கிட்டவர் அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின். கூட்ட அடர்த்தி என்ற கருத்துக்கு 1971-இல் ஒரு நூலில் தெளிவான அளவுகோல் கொடுத்தவரும் அவர்தான்.

இன்றைய ஆய்வுகள் உயிர் போகும்வரை காத்திருப்பதில்லை. ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் தன்னார்வலர்களை நடக்கவிட்டு, மேலிருந்து கேமராவில் பதிவு செய்கிறார்கள். அந்த மையமும் கான்பூர் ஐஐடியும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஒரு சோதனை நாம் கவனிக்க வேண்டியது. ஒரே அளவுள்ள சுற்றுப்பாதையில் இந்தியர்களையும் ஜெர்மானியர்களையும் ஒற்றை வரிசையாக நடக்க வைத்தார்கள். ஆட்களைக் கூட்டக் கூட்ட ஜெர்மானியர்களின் வேகம் சட்டெனக் குறைந்தது. இந்தியர்கள் முன்னவருக்கு மிக அருகில் வந்தும் வேகத்தை அவ்வளவாக விடவில்லை. நம் பேருந்து நிறுத்தங்களில் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஆனால் பாதுகாப்புக்கு இது இரண்டு பக்கமும் வெட்டும். நெருக்கத்தில் நாம் வேகமாக நகர்கிறோம் என்பது நல்ல செய்தி. நெருக்கம் ஆபத்தாக மாறுவதை நாம் தாமதமாக உணர்கிறோம் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். ஐரோப்பிய அட்டவணைகளை அப்படியே நகலெடுக்காமல், திருத்தணிப் படிகளிலும் சேப்பாக்கத்து வாசல்களிலும் நாமே அளக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

2025-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இன்னும் ஒருபடி போகிறது. ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரச் சதுக்கத்தில் திருவிழாத் தொடக்கத்துக்குக் கூடும் ஆயிரக்கணக்கானோரை மாடிகளிலிருந்து பல ஆண்டுகள் படமெடுத்திருக்கிறார்கள். அடர்த்தி ஒரு வரம்பைத் தாண்டியதும் நூற்றுக்கணக்கானோர் அடங்கிய பகுதிகள், யாரும் தள்ளாமலேயே, ஏறத்தாழ 18 விநாடிக்கு ஒரு முறை வட்டமாக ஊசலாடத் தொடங்கின. கேமராவில் இந்த ஊசலாட்டம் தெரிந்தால் ஆபத்து நெருங்குகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கலாம். இத்தகைய அலைகளில் ஆபத்தில்லாதவையும் உண்டு. ரசிகர்கள் எழுந்து உட்காரும் 'மெக்சிகன் அலை'யை 2002-இல் இயற்பியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அது விநாடிக்கு 12 மீட்டர், அதாவது 20 இருக்கைகள் வேகத்தில் ஓடுகிறது. சில டஜன் பேர் சேர்ந்து எழுந்தாலே அரங்கைச் சுற்றிவிடுகிறது.

உட்கார்ந்தவர்கள் குதிக்கத் தொடங்கினால் கட்டடத்தின் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. ஆர்.கே.பேட்டையில் விசைத்தறிக் கூடத்துக்குள் நின்றவர்களுக்கு இது புரியும்: நாடா நிமிடத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முறை அடிக்கும்போது சில இடங்களில் தரை அதே தாளத்தில் சேர்ந்து அதிர்கிறது, வேறு இடங்களில் அடங்கிக் கிடக்கிறது. கட்டடத்தின் இயல்பான அதிர்வும் வெளியிலிருந்து வரும் தாளமும் ஒத்துப்போகும் இடத்தில் அதிர்வு பெருகும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். பாட்டுக்கு ஏற்ப மக்கள் குதிப்பது விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை. ஆகவே கேலரிகளை அதைவிட வேகமாக அதிரும்படி விறைப்பாகக் கட்டுகிறார்கள். 2021 அக்டோபரில் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் வெற்றி பெற்ற அணியின் ரசிகர்கள் ஒன்றாகக் குதித்தபோது கேலரியின் ஒரு பகுதி உடைந்து இறங்கியது. நல்லவேளையாக, யாருக்கும் அடிபடவில்லை.

நம் ஊர்களின் நிலைமை இதைவிடக் கவலைக்குரியது. பெரிய அரங்குகளையாவது யாரோ ஒருவர் கணக்குப் போட்டுக் கட்டுகிறார். கபடிப் போட்டிக்குச் சவுக்குக் கட்டைகளையும் பலகைகளையும் கயிற்றால் கட்டி இரண்டே நாளில் எழுப்பும் கேலரிக்கு அந்தக் கணக்கு கிடையாது. 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டி தொடங்கவிருந்த மாலை அப்படி ஒரு தற்காலிகக் கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மரத்துக்கு இன்னொரு பகை தீ. 1985 மே 11 அன்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் மரக் கேலரி சில நிமிடங்களில் முழுதும் எரிந்து 56 பேர் இறந்தார்கள். முன்புறமாகத் திடலுக்குள் ஓடியவர்கள் பிழைத்தார்கள். பின்பக்கம் ஓடியவர்களில் பலரைப் பூட்டிய கதவுகள் தடுத்துவிட்டன. எளிதில் தீப்பற்றும் கேலரி என்றால் எட்டு நிமிடம் கிடையாது, இரண்டரை நிமிடத்தில் வெளியேற வேண்டும் என்று வழிகாட்டி சொல்வது இதனால்தான்.

தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிதோறும் சிறு விளையாட்டரங்கம் கட்டும் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. அவை ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் பேர் கூடப்போகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் தற்காலிகக் கேலரிகளும் எழத்தான் போகின்றன. போட்டி நடத்தும் இளைஞர்களும் அனுமதி தரும் அதிகாரிகளும் பரிசுத் தொகையையும் கோப்பையின் உயரத்தையும் பேசுவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்து வாசலை அளக்க வேண்டும். இரண்டாயிரம் பேருக்குக் கான்கிரீட் கேலரி என்றால் இறங்கும் படிகளின் மொத்த அகலம் குறைந்தது 4 மீட்டர், அதுவும் இரு முனைகளிலும் பிரிந்து இருக்க வேண்டும். அதே இரண்டாயிரம் பேரைத் துணிப்பந்தல் போட்ட மரக் கேலரியில் ஏற்றினால் 12 மீட்டர். அந்த 12 மீட்டர் கிடைக்காத திடலில், ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நடக்கும்வரை ஒரு கேட்டையும் பூட்டாதீர்கள்.